தலைவர் பெயருக்கு அடியில்

அன்று நடுப்பகல் பூசைக்குக் கோயில் தலைவர் இருந்தார். அவர் மனைவி இருந்தார். கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த மகன்கள் இருவரும் இருந்தார்கள். பூசாரி திரைக்கு உள்ளே இருந்தார். சுங்காய் தாமான் குடியிருப்புக்குக் குடிபெயர்ந்த பழைய ரப்பர் தோட்டத்து ஆட்கள் ஏறக்குறைய எல்லாரும் இருந்தார்கள். நான் மூன்றாவது வரிசையில் தூணை ஒட்டி நின்றேன். அம்மா இல்லை. கோயிலுக்குப் பின்னால் கொட்டகையில் அன்னதானத்துக்கு அரிசி களைந்துகொண்டிருந்தார். ஓராண்டாக நான் காத்திருந்ததைப் பார்க்க வேண்டிய ஒரே ஆள் அங்கே இல்லை.

தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களை இடித்துச் செம்பனை நட்ட பிறகு தோட்டத்தில் எங்களுக்கென்று மிஞ்சியது அம்மன் கோயில்தான். ஒவ்வோர் ஆடித் திருவிழாவுக்கும் சன்னதிக்குப் புதுத் திரை கட்டுவார்கள். அதை அம்மா தைப்பார். மூன்றாம் வகுப்போடு நின்று ரப்பர்ப் பால்மரம் சீவப் போனவர், தாமானுக்கு வந்தபின் தையல் மெஷினோடு உட்கார்ந்தவர். வெல்வெட்டும் ஜரிகையும் அவர் காசு. ஆனால் திரையின் கீழ் ஓரத்தில் 'உபயம்' என்று போட்டுத் தலைவரின் பெயர் வரும். அந்தப் பெயரையும் அம்மாவே தைக்க வேண்டும்.

எங்கள் கோயிலில் காற்றாடிக்கு உபயம், டியூப் லைட்டுக்கு உபயம், செருப்பு வைக்கும் பலகைக்கும் உபயம். பாதிக்கு மேல் அதே பெயர்தான். தலைவர், தோட்டத்தில் கணக்கு எழுதிய பழைய கிராணியின் மகன். இப்போது மூன்று லோரிக்கு முதலாளி. அவருடைய அப்பா விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று பெயர் படிப்பாராம், எங்கள் ஆட்கள் பதில் குரல் கொடுப்பார்களாம். பெயர் யார் கையில், உழைப்பு யாருடையது என்பது அந்தக் குடும்பத்துக்குப் பழகிய ஏற்பாடு.

பட்டம் வாங்கி ஈப்போவில் ஒரு மருந்துக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்த ஆண்டு, கோயில் கூட்டத்தில் எழுந்து கேட்டேன். "தலைவரே, இந்தத் தடவ எங்கம்மா பேர போடலாமே?"

அவர் கோபப்படவில்லை. சிரித்தார்.

"தம்பி, ஒங்கம்மா பேர போட்டா யாருக்குத் தெரியும்லா? என் பேரு இருந்தா அதப் பாத்து நாலு பேரு குடுப்பான். படிச்சிட்டா பேச மட்டும் வருது போல. ஊசி புடிச்சிருக்கியா நீ? ஒரு நூலு கோத்துக் காட்டு, அப்பறம் பேசு."

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் தலையைக் குனிந்து சிரித்தார். அவர் சிரித்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அதாவது, சிரிக்க வைத்தவரை.

அந்த வாரமே ஊசி வாங்கினேன். கைபேசியில் தேடித் தேடிப் பார்த்ததில், ஐரோப்பாவில் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பு கம்பளி நூலில் போட்டுவந்த ஒரு தையல் அகப்பட்டது. நூலைக் குத்திக் குத்தி நிரப்புவதில்லை. ஓர் இலையை நிரப்ப வேண்டுமென்றால், முதலில் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நூல்களை நெருக்கமாகக் கிடத்துவது. அதன் மேல் இடைவெளி விட்டுக் குறுக்கு நூல். பிறகு அந்தக் குறுக்கு நூலை இங்கும் அங்குமாகச் சின்னத் தையலால் கட்டுவது. பார்க்க இலை முழுக்க நிறம். பிடித்துக்கொண்டிருப்பதோ அந்தச் சின்னக் கட்டுகள் மட்டும்.

வீடியோவில் ஒரு வெள்ளைக்காரப் பெண் கடைசியில் எச்சரித்தார்: உடுத்தும் துணியில் இதைப் போடாதீர்கள், உரசினால் கட்டு அறும், மேலே கிடப்பது கழன்றுவிடும் என்று. அந்த இடத்தை ஐந்து முறை ஓட்டிப் பார்த்தேன்.

ஈப்போவில் கம்பளி நூல் விற்ற சீனத்து அக்கா, "கேர்ள் ஃபிரெண்டுக்கா?" என்று மலாயில் கேட்டார். ஆமாம் என்றேன். விளக்கினால் விடிந்துவிடும்.

முதல் இரண்டு மாதம் கையெல்லாம் பொத்தல். துணியைத் தளர்வாகக் கட்டிவிட்டுத் தைத்ததால், சட்டத்திலிருந்து எடுத்ததும் நூலெல்லாம் தொங்கியது. பழைய படச் சட்டத்தில் ஆணி அடித்து, தட்டினால் சத்தம் வருகிற அளவுக்கு இழுத்துக் கட்டிய பிறகுதான் நூல் படுத்தது. அம்மா எட்டிப் பார்த்தார்.

"என்னடா இது, பாய் பின்னுற மாரி இருக்கு?"

"ஐரோப்பா தையல்மா."

"அங்க மெஷின் இல்லயா பாவம்."

அடுத்த திரைக்குப் பூக்களும் மயிலும் அம்மா தைத்தார். பெயரை நான் தைத்துத் தருகிறேன் என்றேன். தலைவருக்கு ஏக சந்தோஷம். "பாத்தியா, சொன்னதும் ரோஷம் வந்துருச்சி!" என்று முதுகில் தட்டினார். தட்டட்டும் என்று நின்றேன்.

'உபயம்' என்பதை ஒழுங்காக, இறுக்கமாகத் தைத்தேன். அதற்குப் பக்கத்தில் முதலில் அம்மாவின் பெயரை மஞ்சள் நூலில், ஒவ்வொரு தையலையும் இரண்டு முறை போட்டுத் தைத்தேன். நான்கே எழுத்து. அதை மூடி மறைத்து அதன் மேல்தான் தலைவரின் நீளமான பெயர், தடித்த சிவப்புக் கம்பளியில். விதிப்படி கிடத்துகிற நூலை ஓரத்தில் துணிக்குள் இறக்கியாக வேண்டும். அவர் பெயருக்கு நான் இறக்கவில்லை. துணி மேலேயே திருப்பித் திருப்பி ஓட்டி, எல்லா எழுத்துக்கும் ஒரே நூலாக விட்டு, ஒற்றை இழைப் பருத்தி நூலால் மட்டும் கட்டினேன். கடைசியில் முடிச்சு இல்லை.

ஒன்றை யோசிக்காமல் விட்டுவிட்டேன். திரைக்கு உள்துணி வைத்துத் தைப்பது அம்மா. திரையைக் கவிழ்த்துப் போட்டவர் கை நின்றது. சிவப்பு நூல் பின்பக்கம் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். மஞ்சள் எழுத்துகள் இடவலம் மாறி அப்படியே தெரிந்தன. திரையை அள்ளிக்கொண்டு அலமாரிக் கண்ணாடி முன் போய் நின்றார். விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார்.

"சாமி துணியிலயா வஞ்சம் வெக்கிற?"



திரும்ப வந்து உட்கார்ந்தார். உள்துணியை எடுத்து விரித்தார். நூலைப் பல்லால் கடித்தார். "மேல உள்ளது எத்தன நாளு தாங்கும்?"

"ஆறு மாசம்மா."

பதிலுக்கு மெஷின் ஓடியது.

ஆறு மாதமாயிற்று. எட்டு மாதமாயிற்று. வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிந்து ஈப்போவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து பார்ப்பேன். சிவப்புப் பெயர் அசையாமல் இருந்தது. அம்மனைக் கும்பிட வந்தவனாக நின்று அவர் பெயரையே முறைத்துவிட்டுப் போவேன். நானே கத்தரியோடு போகலாமா என்றுகூட நினைத்தேன். கூடாது, அது திருட்டுத்தனம். தானாக விழ வேண்டும்.

மறு ஆடியில், பழைய திரையின் கடைசி நாளில் விழுந்தது. நடுப்பகல் தீபாராதனைக்குப் பூசாரி எப்போதும்போல் கீழ் ஓரத்தைப் பிடித்துத் திரையை விலக்கினார். விரல் மோதிரம் கம்பளியில் மாட்டிக்கொண்டது. அவர் அவசரத்தில் உதறினார். சிவப்பு நூல் புடலங்காய்க் கொடியைப் பிடித்து இழுத்தது போலச் சரசரவென்று வந்தது. கூட்டம் அம்மனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தது; யாரும் கவனிக்கவில்லை.

பிறகு சந்தனக் காப்பு அலங்காரத்துக்காகத் திரையை மீண்டும் இழுத்து மூடினார். கால் மணி நேரம் எல்லாருக்கும் பார்ப்பதற்குத் திரையைத் தவிர வேறொன்றும் இல்லை. உபயம். பக்கத்தில் மஞ்சளாக நான்கு எழுத்து. தலைவர் பெயரின் கடைசி எழுத்து மட்டும் ஓரமாக ஒட்டிக்கொண்டு தொங்கியது.

முன்வரிசைப் பாட்டி ஒருவர் கேட்டார்: "யாரு பேருடி போட்ருக்கு?"

பக்கத்திலிருந்த அக்கா சத்தமாகப் படித்தார். "அட, நம்ம தையக்கார அக்கா பேருலா! இத்தன வருசமா தச்சது அவங்கதான, சரியாத்தான் போட்ருக்கு."

தலைவர் திரும்பி என்னைத் தேடினார். நான் ஒளியவில்லை. கையைக் கூப்பியபடியே அவர் கண்ணைப் பார்த்தேன். சிரிக்கவில்லை, அந்தச் சிரிப்பு அவருடையது, எனக்கு வேண்டாம்.

பின்னால் ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். முழங்கைவரை அரிசித் தண்ணீர். "ஆறு மாசம்னு சொன்ன. பதினோரு மாசத்துக்கு மேல தாங்கிருக்கு," என்றார். "நல்லாத்தான் தச்சிருக்க." பிறகு குண்டானைச் சாய்த்துத் தண்ணீரை வடித்தார். அடுத்த ஆண்டிலிருந்து திரை தைக்கும்படி அவரை யாரும் கேட்கவில்லை. அது அவருக்கு வலித்தது, எனக்குத் தெரியும். ஆனாலும் நான் செய்ததைப் பிரிக்க மாட்டேன்.

சாமிக்குக் கட்டிய துணியை எறியக் கூடாது என்று, பெண்கள் அந்தத் திரையை வெளியே முனியாண்டி சன்னதியில் பெயர் தெரியும்படி கட்டிவிட்டார்கள்.

அடுத்த கூட்டத்தில் ஓர் அண்ணன் எழுந்து கேட்டார்: "தலைவரே, இத்தன வருசம் உபயம்னு போட்டிங்களே, அந்த வெல்வெட்டெல்லாம் வாங்கின ரசீது எங்கலா?" தலைவர் இருமினார். தண்ணீர் கேட்டார். மறுவாரம் ஈப்போவில் ஒரு கடையில், மெஷினில் தன் பெயர் போட்டு, வெல்வெட்டில் அடுத்த ஆடிக்கான புதுத் திரை சொல்லிவைத்தார். இந்த முறை ரசீதையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டியாக வேண்டியிருந்தது. போய்ப் படித்துவிட்டு வந்தேன். தன் பெயருக்காக அவர் சொந்தக் கையிலிருந்து முதன்முதலாகக் கொடுத்தது, ஆயிரத்து நானூற்று எண்பது ரிங்கிட்.