நேர்காணல் தேதி சொன்னவர்

தருமபுரி தாலுகா ஆபீசில் சான்றிதழ் நகல்களுக்குக் கையெழுத்து வாங்க நின்றபோது அறிமுகமானவர். என்னைப் போலவே எம்.ஏ. தத்துவத்துக்கு விண்ணப்பித்திருந்த பென்னாகரத்துக்காரர். குச்சி உடம்பு, சட்டைப்பை நிறையத் தபால் கார்டுகள். கல்லூரிச் சேதி எது கிடைத்தாலும் விண்ணப்பித்த எல்லோருக்கும் எழுதிவிடுவார். நேர்காணலை ஒரு வாரம் முன்னதாக வைத்துவிட்டதும் அவர் கார்டில்தான் எனக்குத் தெரிந்தது.

நேர்காணலுக்குப் போகும் பஸ்ஸில் அவரிடம் கேட்டேன். "எம்.ஏ.வுல நம்ம ஜில்லாவுக்கு இருக்கறது ஒரே சீட்டுங்க. நான் வராட்டி உங்களுக்குத்தானே நல்லது?"

"தேதி தெரியாம நீங்க வூட்ல உக்காந்திருந்தா, நான் யாரைங்க ஜெயிச்சதா அர்த்தம்?"

சீட்டு எனக்குக் கிடைத்தது. அடுத்த ஜூனில் விடுதிக்கு அவர் கார்டு வந்தது. "மறுபடியும் விண்ணப்பம் போட்டிருக்கிறேன். உங்களிடம் கேட்ட கேள்விகளை எழுதவும். இந்த வருஷம் நாங்கள் நாலு பேர். எல்லோரும் படிக்க வேண்டும், தெளிவாக எழுதவும்."

இன்லண்ட் லெட்டர் வாங்கி, நான் சொன்ன பதில்களையும் சேர்த்து எழுதினேன்.