மேனேஜர் தங்கிய தோப்பு

எங்கள் பழைய வேனை விலைக்குக் கேட்டு நேற்று ஒருவர் வந்தார். பின்கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டவர், விட்ட வேகத்தில் வெளியே எடுத்து, "நாய் வச்சிருந்தீங்களா மேடம்?" என்றார். பூனையும்தான் என்று சொன்னால் விலை இன்னும் இறங்கும். சிரித்து வைத்தேன். அவர் போன பிறகு நானும் மோந்து பார்த்தேன். எனக்கென்னவோ அது நாய் வாசமாகத் தெரியவில்லை. ஆரணிப் பக்கத்துத் தோப்பு ஒன்றின் ஈர வைக்கோல் வாசமாக இருந்தது.

அப்போதெல்லாம் வேனுக்குள்ளேயே கட்டில், அடுப்பு வைத்து ஊர் சுற்றிக்கொண்டிருந்தோம். இவருக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. வீடு எங்கே நிற்கிறது என்று ஆபீஸில் யாரும் கேட்டதில்லை. கூடவே போண்டா என்ற நாய், மேனேஜர் என்ற பூனை. சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் வந்து, மற்ற நேரமெல்லாம் நம்மைக் கண்டுகொள்ளாது என்பதால் அந்தப் பெயர்.

தங்கை கல்யாணத்துக்கு ஆரணியில் பட்டுப்புடவை சொல்லியிருந்தோம். வாங்கப் போனால், "தறிலதான் இருக்குது, ரெண்டு மூணு நாள் இருங்க" என்றார் நெசவுக்காரர். லாட்ஜுகளில் போண்டாவின் முகத்தைப் பார்த்ததுமே ரூம்கள் நிறைந்துவிட்டன. சந்தவாசல் போகிற வழியில்தான் அந்தப் போர்டு கண்ணில் பட்டது: 'கேரவன் பார்க். நாய், பூனைக்கும் இடம் உண்டு.' போர்டுதான் பெரிசு. உள்ளே தென்னந்தோப்பில் மூன்று வண்டி நிற்கும் இடம், ஒரு குழாய், பம்ப் ஷெட்டை ஒட்டி ஒரு குளியலறை. பெங்களூரில் வேலை பார்க்கும் மகனின் யோசனையாம்.

தோப்புக்காரரை ஊரில் எல்லோரும் நயினார் என்றுதான் கூப்பிட்டார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருக்கும் சமணக் குடும்பம். மனைவி பத்மாவதி அக்கா. பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுவார்கள். போண்டாவுக்கு இவர் கறி வாங்கி வந்ததைப் பார்த்து, நயினார் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தப்பா நெனச்சிக்காதீங்க சார். தோப்புக்குள்ள அது மட்டும் வேணாம். ரோட்டாண்ட போய் குடுத்துட்டு வந்துடுங்க." அன்றிலிருந்து மத்தியானம் ஆனால் இவர் ஒரு டிபன் பாக்ஸை ஒளித்துக்கொண்டு, காதலியைப் பார்க்கப் போகிறவர் மாதிரி, நாயோடு மதகடிக்குக் கிளம்பிவிடுவார்.

நாயைக் கட்டலாம், பூனையை என்ன செய்வது? ஒரு காலையில் மேனேஜர் வாயில் அணில் குட்டியோடு வந்தது. நேராகப் பத்மாவதி அக்காவின் சமையலறைப் படியில் கொண்டுபோய் வைத்தது, ஏதோ வாடகை கொடுப்பது போல. எறும்பைக்கூட முறத்தால் ஒதுக்கிவிடும் அக்கா, அப்படியே உட்கார்ந்துவிட்டார். குட்டிக்கு உயிர் இருந்தது. தேங்காய்ச் சிரட்டையில் பஞ்சு போட்டு அதைப் படுக்க வைத்தார். திரியை நனைத்துப் பால் விட்டார்.

எனக்கு முகம் காட்ட முடியவில்லை. பாத்திரங்களை எடுத்து வேனில் வைக்க ஆரம்பித்தேன்.

"நாங்க கெளம்பறோம்க்கா."

"இன்னாத்துக்கு? அதுக்கு இன்னாம்மா தெரியும், நோன்பா புடிக்குது? கழுத்துல ஒரு மணியக் கட்டிட்டா பேஜாரே இல்ல."

கன்றுக்குட்டிக்கு வாங்கி வைத்திருந்த சின்ன மணியைக் கொண்டுவந்து, உலகமே யோசிக்கும் அந்தக் காரியத்தை ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டார். மேனேஜருக்குத்தான் பெருத்த அவமானம். முதுகைத் தூக்கிக்கொண்டு போனது, மறுநாள் புடவை கைக்கு வந்து நாங்கள் புறப்படும்வரை திரும்பவே இல்லை.

இவர் வரப்பு வரப்பாக, "மேனேஜர்! மேனேஜர்!" என்று கத்திக்கொண்டு போனார். களை எடுத்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி நிமிர்ந்து, "எந்த பேங்க்கு சார்?" என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கல்யாணத்துக்கு நேரமாகிறது; பூனையை விட்டுவிட்டுப் போக இருவருக்கும் மனசில்லை.

கடைசியில் மணிச் சத்தம் கேட்டது அக்காவுக்குத்தான். வைக்கோல் போரின் உச்சியில் இரண்டு கண்கள். நான் கூப்பிட்டேன், இவர் கெஞ்சினார், அசையவில்லை. அக்கா முந்தானையை விரித்துப் பிடித்து, "மேனேஜர் சார், எறங்கி வாங்க" என்றார். பொத்தென்று குதித்தது.

"மேனேஜர்னு பேரு வச்சா மரியாதயா கூப்பிட வேணாமா?" என்றார், அதன் மேல் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிக்கொண்டே.

அணில் பிழைத்து மரமேறிவிட்டது என்று பிறகு போனில் சொன்னார். மேனேஜர் வயசாகிப் போய்ச் சேர்ந்தது. போண்டாவும் இல்லை. நயினாருக்கு முட்டி தேய்ந்து, தோப்பை விற்றுவிட்டு மகனோடு பெங்களூர் அடுக்குமாடியில் இருக்கிறார்கள்.

போன மாதம் அந்த வழியாகப் போனபோது இறங்கிப் பார்த்தேன். தென்னை ஒன்றுகூட இல்லை. மஞ்சள் பெயிண்ட் அடித்த மனைக் கற்கள் வரிசையாக நின்றன. அங்கிருந்தே அக்காவுக்குப் போன் போட்டேன்.

"நம்ம தோப்பாண்டதான் நின்னுகினு இருக்கியா? எப்பிடிம்மா இருக்குது?"

"நல்லா இருக்குக்கா."

அக்கா மெதுவாகக் கேட்டார்:

"இன்னாம்மா, ஒரு காக்கா குருவி சத்தம்கூட கேக்கலியே?"