மூணாம் நம்பர் கதவு

நம்புகிறவர்கள் நம்பலாம், மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். நடந்தது நடந்ததுதான். அதுவும் பட்டப்பகலில், வெளியே அவிநாசி ரோட்டில் லாரியும் பஸ்ஸும் போய்க்கொண்டிருந்த நேரத்தில். பேய்க்கு ராத்திரி வேண்டும் என்று நினைப்பவர்கள் ஒரு குளிர்கிடங்குக்குள் போய்க் கதவைச் சாத்திப் பார்க்க வேண்டும். உள்ளே எந்நேரமும் ராத்திரிதான்.

சஹீருக்கு முப்பத்தொரு வயது. கணபதி பகுதியில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை. குளிர்கிடங்குக் கதவுகளைத் திறந்து மூடும் கம்ப்யூட்டர் பெட்டிகளுக்கு புரோகிராம் எழுதுவது அவன் பிழைப்பு. எழுதுவதைவிட அழிப்பதில்தான் அவனுக்குக் கொண்டாட்டம். யாருக்கும் பயன்படாத பழைய வரிகள் கண்ணில் பட்டால் போதும், கை துறுதுறுக்கும்.

அந்தப் பெட்டிகளுக்குள் கணக்கு வைக்கும் ஃபைல் சிஸ்டம் ரொம்ப ஜாக்கிரதையான ஆசாமி. எந்த வேலையைத் தொடும் முன்பும் 'இதைச் செய்யப் போகிறேன்' என்று ஜர்னல் என்ற குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்ளும். முடித்ததும் அந்தப் பதிவை அடித்துவிடும். நடுவில் கரண்ட் போய்த் திரும்பி வந்தால், முதல் வேலையாக ஜர்னலைப் படித்து, பாதியில் நின்றதை முடித்து வைக்கும்.

ஜர்னல் எழுதும் முறை எப்போதோ மாறிவிட்டது. பழைய முறையில் எழுதியதைப் படிப்பதற்கென்று எண்ணூறு வரிகள் மட்டும் புரோகிராமில் இன்னும் குந்திக்கொண்டிருந்தன. இப்போது அவை தேவைப்படுவது ஒரே ஒரு பெட்டிக்குத்தான். அது அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு புளிக் கிடங்கில் இருந்தது.

அந்தக் கிடங்கு முதலாளியிடமிருந்து ஒரு புகாரும் வந்திருந்தது. கரண்ட் போய் வரும்போதெல்லாம் மூணாம் நம்பர் அறைக் கதவு தானாகத் திறந்துகொள்கிறதாம். சஹீர் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டான். பழைய ஜர்னலில் ஒரே ஒரு பதிவு முடியாமல் கிடந்தது. 'மூணாம் கதவைத் திற.' பெட்டி ஒவ்வொரு தடவையும் அதைச் செய்கிறது, கதவும் திறக்கிறது. ஆனால் பதிவு மட்டும் அடிபடுவதில்லை.

"ஏன் அடிபடலைன்னு பாக்காம வெட்டறீங்களே," என்றாள் கூட வேலை செய்யும் கயல்விழி. "முதல்ல அந்தப் பதிவை முடிச்சுட்டு வெட்டலாமுங்க."

"படிக்கற வரியே இல்லைன்னா கதவு எப்படிங்க தொறக்கும்? புகாரும் தீந்துச்சு, குப்பையும் போச்சு."

எண்ணூறு வரிகளையும் தூக்கி எறிந்தான். சனிக்கிழமை மத்தியானம் புது புரோகிராமோடு பைக்கில் கிளம்பினான்.

புளியமரத்தில் பேய் என்றால் நம்மூரில் பிறந்த குழந்தையும் நம்பும். கொட்டை எடுத்து, மூட்டை கட்டி, நாலு டிகிரியில் அடுக்கி வைத்த புளியில் பேய் என்றால் சஹீரே விழுந்து விழுந்து சிரித்திருப்பான்.

கிடங்குக்குப் பொறுப்பாளர் செங்கோடன். அறுபதைத் தொட்ட மனிதர். புது புரோகிராமைப் பெட்டியில் ஏற்றும்வரை பக்கத்திலேயே நின்றார்.

"இனி மூணாம் நம்பர் தானாத் தொறக்காதுங்களா?"

"தொறக்காதுங்கண்ணா. அடுத்த தடவை பெட்டி அணைஞ்சு எந்திரிச்சதும் எல்லாம் சரியாயிரும்."

"எப்பவுமே தொறக்காதுங்களா?"

"எப்பவுமேதான்."

சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், முகம் செத்துப்போய்விட்டது. வாசலில் கிடந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். இவருக்கெல்லாம் என்ன செய்தாலும் திருப்தி வராது என்று சஹீர் நினைத்துக்கொண்டான்.

கிளம்பும் முன், அறைக்குள் இருந்து திறக்கும் பச்சைப் பொத்தானை மட்டும் சோதிக்க வேண்டியிருந்தது. மூணாம் நம்பர் கதவிடுக்கில் ஒரு செங்கல் இருந்தது. மற்ற அறைகளில் இல்லை. கதவு முழுதாகச் சாத்தினால்தான் சோதனை செல்லும். செங்கல்லைக் காலால் தள்ளிவிட்டு உள்ளே போனான்.

கதவு பின்னால் மெத்தென்று மூடியது.

உள்ளே விளக்கு எரிந்தது. மூட்டைகள் கூரைவரை இருந்தன. கதவை ஒட்டிய மூலையில் மட்டும் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு அடுக்கியிருந்தார்கள். இடத்தை வீணாக்குகிறார்களே என்று தோன்றியது. பச்சைப் பொத்தானைப் பார்த்தான். நடுவில் குழி விழுந்து தேய்ந்திருந்தது. தினம் நூறு பேர் அழுத்தும் லிஃப்ட் பொத்தான்கூட அப்படித் தேயாது.

மணி 2.20.

கரண்ட் போனது.

விளக்கு அணைந்தது. மின்விசிறிகளின் இரைச்சல் நின்றது. போன் வெளிச்சத்தில் சிக்னல் பார்த்தான். ஒரு கோடுகூட இல்லை. பயமில்லை. ஜெனரேட்டர் இருக்கிறது.

நினைத்தபடி வந்தது. விசிறிகள் மறுபடி இரைந்தன. விளக்கு மட்டும் எரியவில்லை. விளக்கும் கதவும் பெட்டியின் பொறுப்பு. பெட்டி எழ இருபது விநாடி ஆகும். காத்திருந்தான். பொத்தானை அழுத்தினான்.

ஒன்றும் இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் பெட்டி 'டிக்' என்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி 'டிக்'. மறுபடி...

அவனுக்குப் புரிந்துவிட்டது. பெட்டி எழுகிறது. முடியாத பதிவு ஒன்று இருப்பதைப் பார்க்கிறது. அதைப் படிக்கத் தெரியவில்லை. தெரியாததைத் தாண்டிப் போகவும் அதற்கு மனமில்லை. விழுகிறது, மறுபடி எழுகிறது. படிக்கத் தெரிந்த எண்ணூறு வரிகளை அழித்தது அவனேதான்.

அவசரத்துக்கென்று உள்ளே ஒரு கைப்பிடி இருந்தது. திருகினான். எப்போதோ கழன்று, சும்மா சுற்றியது.

கயல்விழிக்கு மெசேஜ் அனுப்பினான். போகவில்லை. குளிரில் போன் பேட்டரி சரசரவென்று இறங்கியது. 2.41க்கு அணைந்தது.

இருட்டு.

இரண்டு கையாலும் கதவைக் குத்தினான். "அண்ணா... செங்கோடண்ணா..." பத்தடி தூரத்தில் நாற்காலியில் இருக்கிறவர். வரவில்லை. நாளை ஞாயிறு. யாருமே வர மாட்டார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. விரல் நுனிகள் மரத்துவிட்டன. இந்தக் குளிரில் ஒரு ராத்திரியைத் தாண்ட முடியாது என்று அவனுக்குத் தெரியும்.

தடவித் தடவி மறுபடி பொத்தானைத் தேடினான்.

கை பட்டது பொத்தானில் இல்லை.

ஒரு விரலில்.

பொத்தானை ஏற்கெனவே அழுத்திக்கொண்டிருந்தது அது.

சூடாக இருந்தது... காய்ச்சல்காரர் விரல் மாதிரி.

"யா அல்லாஹ்..."

பின்னால் நகர்ந்தான். மூட்டையில் இடித்தான். கால் மடங்கி, அந்த மூலை இடத்தில் விழுந்தான்.

அங்கே தரை வெதுவெதுப்பாக இருந்தது.

சேலை உரசும் சத்தம்.

யாரோ...

நகர்ந்து உட்கார்ந்து...

அவனுக்கு இடம் கொடுத்தார்கள்.

3.05க்குக் கதவு திறந்தது. வெயில் உள்ளே விழுந்தது. சஹீர் தவழ்ந்துதான் வெளியே வந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

வெயிலில் கொஞ்ச நேரம் கிடந்தபின் போனை அழுத்திப் பார்த்தான். சூட்டில் உயிர் பெற்று உடனே அடித்தது. கயல்விழி.

"எங்க போனீங்க? பெட்டி எந்திரிச்சு எந்திரிச்சு விழுகறதை இங்கிருந்து பாத்துட்டே இருந்தேன். உங்களைப் புடிக்க முடியலை. பழைய புரோகிராமையே இங்கிருந்தே நெட்டுல திருப்பிப் போட்டுட்டேன். அந்தப் பதிவு அடிபட்டுருச்சுங்க, இன்னைக்குத்தான் முதல் தடவை."

சஹீர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"இன்னொண்ணு. அந்தப் பதிவு விழுந்தது பெட்டியை மாட்டின அன்னைக்கு. உள்ள இருந்து யாரோ பொத்தானை அமுக்கினதா இருக்குது. ஆனா பொத்தானையே மறுநாள்தான் மாட்டியிருக்காங்க. அதெப்படிங்க?"

செங்கோடன் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். சஹீருக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

"ஏனுங்கண்ணா, அந்தத் தட்டு தட்டுனனே. காதுல உழுகலீங்களா?"

அவர் எதிரிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பெட்டியெல்லாம் வர்றதுக்கு முன்னாடிங்க, தம்பி. மாரியாத்தாள்னு ஒரு அம்மா மூட்டை எறக்க வரும். ஒரு சனிக்கெழமை உள்ள ஆளில்லைன்னு நெனச்சு நான்தான் கொண்டியைப் போட்டுப்போட்டு ஊட்டுக்குப் போயிட்டேன். திங்கக்கெழமைதான் தொறந்தேனுங்க."

தள்ளிக் கிடந்த செங்கல்லை எட்டி எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அதுல இருந்து மூணாம் நம்பர்ல தட்டற சத்தம் வந்துட்டேதான் இருக்கும். நான் போறதில்லீங்க. கரண்ட் வந்தா கதவு அதுவாத் தொறக்கும், சத்தம் செத்த நேரம் நிக்கும். கதவு முழுசாச் சாத்தக்கூடாதுன்னுதான் செங்கல்லும் வெச்சேன்."

"இன்னைக்கும் கேட்டுச்சுங்களா?"

"கேட்டுச்சுங்க. எப்பவும் ஒரு ஆளு தட்டற சத்தந்தான் வரும். இன்னைக்கு ரெண்டு ஆளு தட்டுனாங்க. அதான் எந்திரிச்சுப் போலாமா வேண்டாமான்னு யோசிச்சுட்டே இருந்தேனுங்க."