ஞானசிங்குக்கு இறங்காத அப்பம்

ஞானசிங் சித்தூர் மாம்பழக்கூழ் ஆலையில் மேஸ்திரி. கிறிஸ்தவராகப் பிறந்துவிட்டதால் அவரைச் சாப்பாட்டு ராமன் என்று சொல்ல எங்களுக்குக் கொஞ்சம் கூச்சம். இரவு பிரியாணியை ஒரு பிடி பிடித்துவிட்டு அப்படியே சாய்ந்துவிடுவார். நெஞ்செரிச்சலுக்கு ஒரு கோலி சோடா. வருஷக்கணக்காக இதுதான் வைத்தியம்.

ஒரு ஞாயிறு, கோயிலில் பாதிரி ஐயர் அப்பமும் திராட்சரசமும் தரும் திருவிருந்தில், அப்பத் துண்டு அவர் நெஞ்சில் நின்றுவிட்டது. முழங்காலில் இருந்தபடியே இருமி, கண் பிதுங்கி, கர்சீப்பில் துப்பினார். எங்கள் சபையில் இதற்கு ஒரே அர்த்தம்தான்: அறிக்கை செய்யாத பாவம் உள்ளே இருக்கிறது. பின்வரிசைப் பெண்கள் அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். இவரும் நம்பித் தொலைத்தார். ஆண்டவர் தன்னைத் தள்ளிவிட்டார் என்ற பயத்தில் மனுஷன் பாதியாகிவிட்டார்.

காணிக்கைக்கென்று மனைவி தபிதா வளர்த்த சேவலை நாய் தூக்கவில்லை, தானும் நண்பர் இஸ்ரேலும்தான் குழம்பு வைத்தது என்று அவளிடம் அழுதார். தபிதா ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை. அடுத்த மாதமும் அப்பம் நின்றது. கைவசமிருந்த பாவமெல்லாம் தீர்ந்துவிட்டதால் செய்யாததையும் சொல்ல ஆரம்பித்தார். கோயில் ஆர்மோனியத்தை உடைத்தது தான்தான் என்றார். அது உடைந்தபோது அவர் வேலூரில் மாமியார் வீட்டில் இருந்தார்.

பிறகு வீட்டில் இட்லியும் நிற்க ஆரம்பித்தது. தபிதா தட்டை நகர்த்தினாள்.

"இட்லி இன்னா பாவம் பண்ணிச்சி, அதுவும் உள்ள போவ மாட்டேங்குது? கெளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

திருப்பதியில் டாக்டர் வாய்வழியாகக் கேமரா குழாயை விட்டுப் பார்த்தார். வயிற்று அமிலம் வருஷக்கணக்காக மேலே ஏறி உணவுக்குழாயைப் புண்ணாக்கி, புண் ஆறிய தழும்பு குழாயைச் சுருக்கிவிட்டதாம். புற்றுநோயா என்று துளி சதையெடுத்துச் சோதித்தார்கள். முடிவு வரும்வரை தபிதா தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அது இல்லை. குட்டி பலூனை உள்ளே ஊதி வழியை அகலமாக்கினார்கள். மறுபடி சுருங்கினால் மறுபடி ஊத வேண்டும். அமிலத்துக்கு மாத்திரை, தின்றதும் படுக்கக்கூடாது, எதையும் சின்னதாகக் கடித்து நன்றாக மெல்ல வேண்டும்.

அடுத்த திருவிருந்தில் ஞானசிங் அந்தத் துணுக்கு அப்பத்தை ஆட்டுக்குட்டி மாதிரி மென்றுகொண்டே இருந்தார். ஐயர் கிண்ணத்தோடு காத்து நின்றார். சபையே அவர் தொண்டையைப் பார்த்தது. கடைசியில் விழுங்கினார். இறங்கிவிட்டது.

பக்கத்தில் முழங்காலிட்டிருந்த தபிதாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வாயில் அப்பம் இருந்தது. தொண்டை அடைத்துப் புரையேறி, இருமித் தள்ளினாள்.

பின்வரிசை மொத்தமும் தபிதாவைத் திரும்பிப் பார்த்தது.