செவலை சம்மதித்த பயணம்

பயணத் திட்டம் முழுவதையும் ஒரே தாளில் அடக்கியிருந்தேன். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரிலிருந்து கிளம்புவது, பொள்ளாச்சியில் டீ, உடுமலை தாண்டியதும் சாப்பாடு, மூன்று மணிக்குள் மறையூர்ப் பக்கத்து ஆற்றோரப் பூங்காவின் கேட். யானை நடமாட்டம் இருப்பதால் ஆறு மணிக்கு அந்தக் கேட்டை மூடிவிடுவார்கள். அதனால் மூன்று மணி என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தேன். தாளை அலுவலகத்தில் அச்செடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, வீட்டில் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டினேன். பாலக்காட்டில் ஒரு கட்டட கம்பெனியில், எந்த லாரி எந்த நாளில் எங்கே நிற்க வேண்டும் என்று அட்டவணை போடுவதுதான் என் வேலை. அறுபது பேர் என் தாளைப் பார்த்து வேலைக்கு வருகிறார்கள். மூன்று பேரை ஒரு வண்டியில் ஏற்றுவது பெரிய காரியமா என்று நினைத்துவிட்டேன்.

அந்த மூன்று பேர்: அம்மா, அப்பா, அடுத்த வீட்டில் இருக்கும் அத்தை. அத்தை அப்பாவின் அக்கா. என்னோடு சேர்த்து நான்கு. வாடகைக்கு எடுத்த கேரவனில் நான்கு படுக்கை.

கேரவன் அம்மாவின் ஆசை. ஒருநாள் என் போனில் ஒரு வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. வேன் மாதிரி ஒரு வண்டி. உள்ளே அடுப்பு, படுக்கை, சன்னலுக்குத் திரை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்து, "அடேங்கப்பா, ஊட்டையே கட்டீட்டுப் போறாங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, யாரிடமோ சொல்வதுபோல், "அதுல ஒருக்கா படுத்துத் தூங்கிப் பாக்கோணும்" என்றாள். என் அம்மா அதுவரை எதையும் வேண்டும் என்று கேட்டு நான் கேட்டதில்லை. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கிடந்ததையும் எழவு வீடுகளில் விடிய விடிய உட்கார்ந்ததையும் விட்டால், அவள் வெளியே ஓர் இரவு தங்கியதும் இல்லை. அடுத்த வாரமே பூங்காவில் இடமும் வண்டியும் பதிவு செய்தேன்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அம்மாவும் அப்பாவும் கைநாட்டு. ரேஷன் கார்டிலிருந்து வில்லேஜ் ஆபீஸ் சர்டிபிகேட் வரை எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு ஃபாரம் நிரப்பிக் கொடுப்பது நான்தான். அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் நான் மாட்டிய தாளை எங்கள் வீட்டில் ஒருவரும் பொருட்படுத்தவில்லை.

முதலில் அப்பா ஆரம்பித்தார். வண்டியின் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "ஏனம்மிணி, சோறாக்கற எடத்துக்குப் பக்கத்துலயே கக்கூஸா?" என்றார்.

"கதவு இருக்குதுங்கப்பா."

"இருந்தா? நாத்தத்துக்குக் கதவு தெரியுமாக்கு?"

அத்தைக்கு ஆற்றிலேயே ஆட்சேபம். "ஆறு பாக்கறதுக்கு இத்தன தூரம் போறாங்களாமா. நம்மூர்ல ஓடறது என்ன, மோரா?"

அதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் அப்பா உறவினர் வீடுகளைக் கையில் எடுத்தார். பொள்ளாச்சியில் ஒரு வீடு, உடுமலையில் இரண்டு. "உடுமல வழியாப் போய்ப்போட்டு சின்னம்மா ஊட்டுல கால் வெக்காம வந்தா, நாளைக்கு எழவுக்குக்கூட வரமாட்டாங்க."

"நாம போறது அவங்களுக்கு எப்படீங்கப்பா தெரியும்?"

"இத்தாப் பெரிய வண்டி, தெரியாதாக்கு?"

ஒரு வீட்டுக்கு இருபது நிமிடம் என்று பேசி முடித்துத் தாளைத் திருத்தி, மறுபடி அச்செடுத்து, மறுபடி உறை போட்டேன். இருபது நிமிடத்தில் எந்த ஒறம்பரை வீடும் ஆளை விடாது என்பது எனக்கும் தெரியும்.

இத்தனை பேச்சிலும் அம்மா வாயைத் திறக்கவில்லை. ஒரே ஒரு தடவை, "படுக்கைக்குப் பக்கத்துல சன்னல் இருக்குதா கண்ணு?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டாள். கிளம்புவதற்கு ஆறு நாள் இருக்கும்போதுதான் சோற்றைப் போட்டபடியே கேட்டாள்: "அதுசெரி, செவலைய ஆரு பீச்சறது?"

செவலை எங்கள் பசு. கன்று போட்டு மூன்று மாதம். அம்மா கை வைத்தால் மட்டும்தான் பால் இறக்கும். வேறு யார் உட்கார்ந்தாலும் மடியை இறுக்கிக்கொள்ளும். சனிக்கிழமை சாயங்காலம் ஒன்று, ஞாயிறு காலை ஒன்று, ஆக இரண்டு கறவை. என் தாளில் டார்ச்சுக்குப் பேட்டரி வாங்குவதுகூட இருந்தது, செவலை இல்லை. கன்றையே குடிக்க விட்டால் என்ன என்றேன். "அத்தனையும் குடிச்சா கன்னுக்குட்டிக்குக் கழியும்" என்றாள். கறக்காமல் விட்டால்? மடி வீங்கி நோய் வரும். பால் வற்றும்வரை பயணத்தைத் தள்ளிப்போடலாம் என்றால் வண்டிக்காரர் மாட்டேன் என்றார்.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கறக்கிறவள் ஊருக்குப் போவதாக இருந்தால், அவள் கட்டி அவிழ்த்த சேலையைத் துவைக்காமல் மேலே சுற்றிக்கொண்டு வேறொருத்தி உட்கார்வாள். பசு வாசனையை நம்பிப் பாலை விட்டுவிடும். அன்று சாயங்காலமே அம்மாவின் பழைய நீலச் சேலையைச் சுற்றிக்கொண்டு அத்தை கட்டுத்தறிக்குப் போனாள். "என்ற தங்கமல்ல, என்ற ராசாத்தியல்ல" என்று பத்து நிமிடம் கொஞ்சினாள். செவலை திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்து, வாளியை உதைத்துத் தள்ளியது.

"உன்ற மாடும் உன்னாட்டவே" என்றாள் அத்தை அம்மாவிடம், சேலையை உதறிக்கொண்டே. "நாத்தனாளக் கண்டா ஆகறதில்ல."

மறுநாள் அப்பா. லுங்கிக்கு மேல் சேலையைச் சுற்றி, முக்காடும் போட்டு, மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்காமல் உட்கார்ந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் சைக்கிளில் போன பக்கத்துத் தோப்புக்காரர் நின்று, "ஏனுங்க மாமா, எப்பங்க விசேசம்?" என்று கேட்டார். அப்பா சேலையைச் சுருட்டி என் மேல் எறிந்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கு அம்மா சொன்னாள்: "நீங்க மூணு பேரும் போய்ட்டு வாங்க கண்ணு. போன்ல படம் புடிச்சுட்டு வா, பாத்துக்கறேன்."

அதை அவள் வருத்தமாகச் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். பருப்பு வெந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள். "நான் பீச்சறேன்" என்றேன்.

"படிச்ச புள்ளைக்குக் கட்டுத்தறில என்ன வேல?"

சின்ன வயதிலிருந்தே இதே பேச்சுதான். சாணி அள்ளக் கூடையைத் தொட்டாலே, "போய் புஸ்தகத்த எடு" என்பாள். இருபத்தாறு வயதாகியும், பசு இருக்கும் வீட்டுப் பெண்ணான எனக்கு எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்றுகூடத் தெரியவில்லை. அன்று இரண்டு வீடியோ பார்த்து, விரலை எப்படி மடக்குவது என்று குறித்துவைத்துக்கொண்டேன். அலுவலகத்துக்கு லீவு சொன்னேன். மறுநாள் காலை, நீலச் சேலையைச் சுற்றிக்கொண்டு, குறிப்பில் இருந்தபடி எல்லாம் செய்தேன். வாளியின் அடி நனையவில்லை. சாயங்காலமும், புதன்கிழமையும் அதே கதை.

வியாழக்கிழமை காலையில் வண்டி டிரைவர் போன் செய்து, நான்காவது முறையாக வழி கேட்டார். போனை வைத்தால், அப்பா ஒரு பலாப்பழத்தோடு நிற்கிறார், சின்னம்மா வீட்டுக்காம். அதை எங்கே வைப்பது என்று அவருக்கும் தெரியவில்லை. அந்தக் கோபத்தோடேயே போய் செவலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வாய் தானாகத் திறந்துகொண்டது. "இந்த ஊட்டுல ஒரு மனுசராவது சொன்னதக் கேக்கறாங்களா? பலாப்பழமாமா, பலாப்பழம். இருபது நிமிசம்னு சொன்னாத் தலைய ஆட்டறது, அக்கட்டால போனா அவங்க இஷ்டம். ஒரு தாள மாட்டி வெச்சா அதப் பாக்கறதுக்கு ஒருத்தருக்குக் கண்ணில்ல..." திட்டிக்கொண்டே போனேன். விரல் நடுவில் ஏதோ இளகியது. வாளியில் சர்ரென்று சத்தம். நான் பேச்சை நிறுத்தினேன். பாலும் நின்றது. மறுபடி ஆரம்பித்தேன், அத்தையிலிருந்து. மறுபடி இறங்கியது.

திரும்பினால் அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். முந்தானையை வாயில் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நானும் அதத்தான் கண்ணு பண்றேன். உங்கொப்பனத் திட்டாம ஒருநாளும் பீச்சுனதில்ல."

"நாலு நாளா எல்லாரும் ஒத படறோம். சொல்லியிருக்கலாமல்லம்மா?"

"இதையெல்லாம் ஆராச்சும் வெளிய சொல்லுவாங்களா?"

ஆக, நான் வீட்டில் இருக்க வேண்டும் என்று ஆனது. அம்மா அதற்கும் முரண்டு பிடித்தாள். "நீயில்லாம நானென்னத்துக்கு? பாத்ததெல்லாம் ஆருகிட்டச் சொல்லுவேன்?" வெள்ளிக்கிழமை முழுக்க இதே பேச்சு. கடைசியில் நான் அலுவலகக் குரலை எடுத்தேன். லாரிக்காரர்களிடம் பேசும் குரல் அது. "ஃபாரத்துல உம் பேரு ஏறியாச்சு. போறே." எழுத்தில் ஏறிவிட்டது என்றால் அம்மா பயப்படுவாள். அந்தப் பயத்தை நான் பயன்படுத்திக்கொண்டேன். அதற்காக இப்போதும் வருத்தமில்லை.

சனிக்கிழமை வண்டி பத்தேகாலுக்குத்தான் கிளம்பியது. கக்கூஸ் பிரச்சினையை அப்பா தானே தீர்த்துவிட்டிருந்தார்: அதற்குள் அரிசி, தேங்காய், சோற்றுக் குண்டா, அத்தையின் தலையணை எல்லாம் அடுக்கிக் கதவைச் சாத்தி, "இப்ப அது சாமான் ரூம்" என்றார். என் படுக்கையில் பலாப்பழம் போர்வை போர்த்திப் படுத்திருந்தது. அம்மா சன்னலோரத்தில் உட்கார்ந்து திரையை ஒதுக்கிக் கையாட்டினாள்.

மூன்று மணிக்கு நான் அழைத்தபோது உடுமலையில் இரண்டாவது வீட்டில் இலை போட்டிருந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தையெல்லாம் செவலையிடம் கொட்டினேன். வழக்கத்தைவிட அதிகமாகவே பால் இறக்கியது. ஐந்தே முக்காலுக்கு அத்தை பேசினாள். "கேட்டுக்குள்ள வந்துட்டமுங்க அம்மிணி, தாசில்தாரம்மா" என்றாள். அந்தக் கிண்டலை நான் கவனிக்காததுபோல விட்டுவிட்டேன்.

ஞாயிறு காலை ஐந்து மணிக்குக் கட்டுத்தறிக்குப் போகும்போது போனை இடுப்பில் செருகிக்கொண்டேன். அம்மா தினமும் எழுந்திருக்கும் நேரம். பால் இறங்கிற்றா, தவிடு வைத்தாயா என்று எப்படியும் கேட்பாள். பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். கறந்து முடித்தேன், போன் அடிக்கவில்லை. சொசைட்டியில் பாலை ஊற்றிவிட்டு வந்தேன், அடிக்கவில்லை. யானை, ஆறு என்று மனம் எங்கெங்கோ போனது. நானே மூன்று முறை அழைத்தேன், எடுக்கவில்லை.

ஏழரைக்கு அம்மாவே கூப்பிட்டாள். தப்பு செய்துவிட்ட பிள்ளையின் குரல்.

"கண்ணு, தூங்கிப்போட்டேன். வெயிலு மூஞ்சில அடிச்சப்பறந்தான் முழிச்சேன். நீயாச்சும் எழுப்பப்படாதா?"

"நான் இங்கிருந்து எப்படிம்மா எழுப்பறது?"

"பாலு எறங்குச்சா? தண்ணி வெச்சயா?"

"எல்லாம் வெச்சாச்சு. நீ போய்ப் படு."

போனில் அவளுக்குப் பின்னால் ஆறு ஓடுவது கேட்டது.

"மறுக்காப் படுக்கறதா?" என்றாள் அம்மா.