செக்கிங் மாஸ்டரும் கண் குழாயும்

என் வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் செக்கிங் மாஸ்டர். ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் பீஸை ரிஜெக்ட் செய்துவிடுவார்.

எங்கள் மூன்று வயது மகளுக்கு க்ளாக்கோமா. கண்ணுக்குள் நீர் தேங்கி அழுத்துகிறது. விட்டால் பார்வை போய்விடும். அதை வடியவிட ஒரு சின்னக் குழாய் வைக்க வேண்டும். இன்று டாக்டர் மாதிரிக்கு ஒன்றைக் காட்டி விலையும் சொன்னார்.

"இவ்வளவு கம்மிங்களா? செகண்ட்ஸ் பீஸுங்களா டாக்டர்?" என்றார் இவர்.

"இல்லீங்க, முதல் தரமுங்க. நம்ம நாட்டுலயே செய்யறதால கம்மி."

இவர் நம்பவில்லை. வாங்கி ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"ஏனுங்க, இதுல ஓட்டை இருக்குதுங்களே?"

"அது வழியாத்தானுங்க தண்ணி வடியோணும்!"

குழாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டார். இருபது வருட சர்வீஸில் ஓட்டையுள்ள பீஸை அவர் பாஸ் செய்தது இதுதான் முதல் தடவை.

அவர் கம்பெனி ஆட்கள் யாராவது இதைப் படித்தால், பாப்பாவுக்காக வேண்டிக்கொள்ளுங்கள். பனியன் வாங்கும் வெளிநாட்டு பையரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.