இரண்டாம் நடை

என் அரிசி ஆலையின் மேல்மாடியை ஓர் ஆங்கில வகுப்புக்கு விட்டிருக்கிறேன். ஏழாம் வகுப்போடு நின்றவன் கட்டிய கட்டடத்தில்தான் இன்று வட்டக்கச்சியின் பட்டதாரிகள் ஆங்கிலம் படிக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது. போன கிழமை படியேறும்போது ரீச்சர் ஒரு வசனத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஐ வோஸ் கோயிங் ரு கம்."

தேத்தண்ணி வேளையில் கேட்டேன்.

"அதென்ன பிள்ளை, வந்ததோ வராததோ?"

"வர இருந்தனான் எண்டு அர்த்தம் ஐயா. முந்திப் போட்ட திட்டம். அனேகமா நடக்காமப் போனதுக்குத்தான் சொல்லுறது."

"நடக்காததுக்கும் வெள்ளைக்காரன் வசனம் வைச்சிருக்கிறானோ?"

"ஒண்டில்லை ஐயா, நாலைஞ்சு இருக்கு!"

அவர் சிரித்தார். கீழே யாரோ உழவு இயந்திரத்தை முடுக்க, டீசல் புகை மேலே வந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த நாளில் எங்கள் ஒழுங்கையில் உழவு இயந்திரம் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். சண்டை நெருங்கினால் எங்களில் முதலில் புறப்படுவது கூரை. தகரம், நிலை, யன்னல் எல்லாம் கழற்றி இழுவைப் பெட்டியில் ஏற்றி, போகிற இடத்தில் கொட்டில் போட்ட பிறகுதான் சனம். பிள்ளைகுட்டியை மழைக்குள் இறக்கி வைத்தவர்களுக்கு அதன் நியாயம் விளங்கும். மூன்று தரம் இடம்பெயர்ந்தேன். மூன்று தரமும் ஒரு தகரம் விட்டவனில்லை. அந்தத் திமிர் எனக்கு.

நாலாம் தரம். பக்கத்து வளவில் என் அக்காவும் அத்தானும். பிள்ளையில்லை. அத்தானுக்குப் பாரிசவாதம், எழும்பி நடக்க ஏலாது. நான் தகரங்களைக் கயிறு போட்டு இறுக்கும்போது அக்கா வந்து நின்றார்.

"தம்பி, இந்தமுறை அத்தானை முதல் ஏத்தன்."

"அத்தானைச் சைக்கிளில வைச்சாவது உருட்டலாம் அக்கா. தகரத்தை உருட்டேலுமோ? நாளைக்கு விடிய ரெண்டாம் நடைக்கு வாறன்."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். என் பகிடிக்கு ஊரில் அவ்வளவு மதிப்பு.

விடிந்தபோது திரும்பிப் போகப் பாதை இல்லை. வீதி முழுக்க எறிகணை. ஆறாம் நாள் அக்கா வந்து சேர்ந்தார், வெறும் சைக்கிளோடு. அத்தானை வழியில் ஒரு பாலை மரத்தடியில் குழி வெட்டித் தாட்டுவிட்டு வந்திருந்தார். என் கொட்டிலுக்குள் வரவில்லை. வெளியில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"தகரமெல்லாம் சுகமா வந்து சேந்திட்டுதோ?"

அதற்குப் பிறகு என்னோடு கதைத்ததில்லை. அந்தத் தகரங்களையும் சில மாதத்துக்குள் போட்டுவிட்டு வெறுங்கையோடு ஓடினோம். மீண்டு வந்து ஆலை கட்டினேன், லொறி வாங்கினேன். ஒட்டுசுட்டானில் தனியே குடியேறிய அக்காவுக்குக் கல்வீடு கட்ட மேசனை அனுப்பினேன். படலையிலேயே திருப்பி அனுப்பினார். வர இருந்தேன், பாதை விடவில்லை என்று ஊரெல்லாம் சொன்னேன். அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால், முதல் நடையில் ஏன் ஏற்றவில்லை என்று கேட்டிருப்பார்.

போன ஆடியில் அக்கா செத்துப்போனார். செத்தவீட்டில் பக்கத்து வீட்டு மனுசி ஒருத்தி, "நீங்கள் அவாக்கு என்ன முறை?" என்றாள். மந்திரிமாருக்கே மறுமொழி சொன்ன வாய் இது.

"தெரிஞ்ச ஆள்," என்றேன்.

"அப்ப கொஞ்சம் பின்னால இருங்கோ ஐயா. சொந்தக்காரர் வருவினம்."

பின்னால் போய் இருந்தேன். பிரேதம் எடுக்கும்வரை முன்வரிசைக் கதிரைகள் வெறுமையாகவே கிடந்தன.